இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா எவ்வளவு நேரம் தாங்கும்?
கொல்கத்தாவின் அலிப்பூரில்தான் மண்டல வானிலை மையம் இருக்கிறது. புயல் வருவது முன்கூட்டியே தெரிந்தும், 2020 மே 20-இல் ஆம்பன் தாக்கியபின் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்க. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 1,800 வாட்-ஹவர். இழப்பும் பேட்டரியின் வயதும் போக 60% கிடைக்கும் என்று வைத்தால் 1,080. இரண்டு ஃபேன், லைட், ரவுட்டர் சேர்த்து 180 வாட் ஓடினால் 6 மணி நேரம்தான். ஆப் 100% காட்டினாலும், மழைக்காலத்துக்கு முன் மெயினை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்க.

வைஃபை இன்வெர்ட்டரா? 2016-இல் மிராய் மால்வேர், பாஸ்வேர்டு மாற்றாத கேமரா, ரவுட்டர்களுக்குள்தான் புகுந்தது. கம்பெனி தந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்க, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க, கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாக வையுங்க. இல்லையென்றால், புயலே இல்லாத நாளிலும் உங்கள் இன்வெர்ட்டரை வேறு யாராவது அணைக்கலாம்.