வளையம் தோன்றாத லைம் நோய்: அறிகுறிகளை இனங்காண்பது குறித்து

உண்ணிக் கடியால் தொற்றும் லைம் நோய்க்கு மருத்துவ நூல்கள் பெரும்பாலும் தரும் படம், வெளிறிய தோலில் குறிவட்டம் போல விரியும் செந்தடிப்பு. நோயுற்றோரில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காட்டினருக்குத் தடிப்பு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் பலருக்கு அது வளையமின்றி ஒரே சிவப்பாகப் படர்கிறது. கருந்தோலில் கன்றிய காயம் போலத் தெரிந்து தவறிப்போகிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரிடம் மூட்டு வீங்கிய பிறகே இந்நோய் கண்டறியப்படுவது வெள்ளையரைவிட அதிகம். 'அரிய அறிகுறி' என்று ஒதுக்கப்படுபவற்றுள் பல, அந்த ஒற்றைப் படத்தில் கண் பதிந்துவிட்டதால் அரிதாகிப் போனவை என்பதே என் வாதம்.

கனெக்டிகட் மாநிலத்து லைம் ஊரில் 1970களில் சிறுவர்களின் மூட்டுவீக்கமாக இந்நோய் அறியப்பட்டது. ஐரோப்பாவில் அதன் முகம் வேறு. உண்ணிக் கடிக்குப்பின் வந்த கடும் நரம்புவலியையும் வாதத்தையும் லியோன் நகரில் கரேனும் பூஜாடூவும் 1922இலேயே பதிவு செய்தனர். ஜெர்மனியில் பன்வார்த் 1941இல் விரித்தெழுதினார். பர்க்டோர்ஃபர் உண்ணியில் கண்ட கிருமியை 1982இல் அறிவித்த பின்னரே இவை ஒரே நோயின் கிளைகள் என்பது உறுதிப்பட்டது. இந்நரம்புவலிக்குத் தனிக்குணம் உண்டு: முதுகிலோ இடுப்பிலோ தொடங்கி இரவில் உக்கிரமாகும், வழக்கமான வலிநிவாரணிகளுக்கு அடங்காது. முதியவரின் ஸ்கேனில் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. சில நாட்களில் முகவாதமும் சேர்ந்தால், அதிலும் இருபக்கமும் வந்தால், தண்டுவட நீரைச் சோதிக்கத் தயங்கலாகாது.

இதயத்தில் தவறினால் இழப்பு பெரிது. பதிவாகும் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கே இதயம் பாதிக்கப்படுகிறது. ஆயினும் 2012 நவம்பர் முதல் 2013 ஜூலை வரை அமெரிக்காவில் இப்படி மூவர் திடீரென மாண்டனர். இதயத்தின் மின்கடத்தல் தடை மணிக்கணக்கில் கூடிக் குறைவது இதன் அடையாளம். செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால் தடை பெரும்பாலும் நீங்குகிறது. அதை உணராத இடத்தில் இளைஞர் ஒருவர் ஆயுளுக்கும் பேஸ்மேக்கர் சுமக்க நேரும்.

இதற்காக எல்லாக் களைப்பையும் மறதியையும் லைம் என்று கொள்ளும் போக்கை நான் ஏற்கவில்லை. அது நோயாளிக்குத் தீங்கு. மாதக்கணக்கான சிரைவழி மருந்து குருதித்தொற்றில் முடிந்ததுண்டு. குருதிச் சோதனையும் தானாகத் தீர்ப்புச் சொல்லாது: முதல் வாரங்களில் எதிர்ப்புப் புரதம் தென்படாமல் போகலாம், நோய் மலிந்த பகுதியில் பழைய தொற்றே நேர்மறை காட்டலாம். அறிகுறியின் குணம், பருவம், இடம் மூன்றும் பொருந்தும்போதுதான் சோதனை முடிவுக்குப் பொருள் வருகிறது.

ஆகவே நோயாளியிடம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். கடிப்பது பெரும்பாலும் கசகசா அளவிலான இளம் உண்ணி. கடிபட்டதைப் பலர் அறிவதே இல்லை. 'உண்ணி கடித்ததா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் எதையும் விலக்குவதில்லை. கடந்த வாரங்களில் புல்வெளியில், காட்டோரச் சருகில், தோட்டத்தில் இருந்தீர்களா என்பதை, கோடையில் மயங்கி விழுந்து வரும் இளைஞரிடம் இசிஜி எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.