ஒரு வேதனைக்கு இரு மருந்து

ஓபியம் வகைக்குப் பழகிய உடம்பு, மருந்தை நிறுத்திய மறுநாளே அடம்பிடிக்கும். கொட்டாவி ஓயாது, மூக்கு ஒழுகும், மயிர் சிலிர்க்கும், வயிறு போகும், தூக்கம் வராது. தமிழ்நாட்டில் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்வதாக அடிக்கடி செய்தியில் வரும் டேபென்டடால் வலிமாத்திரையும் இந்தக் குடும்பம்தான்.

இந்த நாட்களைக் கடக்க இரண்டு மருந்துகள் சோதிக்கப்பட்டன. குளோனிடின், ரத்த அழுத்தத்துக்கு வந்த பழைய மாத்திரை. 1978-ல் கோல்டு, ரெட்மண்ட், கிளீபர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் அது விடுபடும் வேதனையைத் தணிப்பதாக எழுதினார்கள். நார்அட்ரினலின் பொங்குவதை அது அடக்கும். வியர்வையும் படபடப்பும் குறையும். மேல்வலியும் தூக்கமின்மையும் போகாது. 'இன்னும் ஒன்று போட்டால் சரியாகிவிடும்' என்ற ஏக்கமும் போகாது. போதாததற்கு எழுந்து நின்றால் தலை சுற்றும்.

பூப்ரினார்ஃபின் வேறு ரகம். அதுவே ஓபியம் வகை. போதை உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்து அரைகுறையாக வேலை செய்யும். ஏக்கமும் தணியும். நாக்கடியில் வைப்பார்கள். பழையது உடம்பில் இருக்கும்போதே அவசரப்பட்டுக் கொடுத்தால் அதை வெளியே தள்ளி வேதனையைக் கூட்டிவிடும். அதனால்தான் கண்மணி, நாடி, கொட்டாவி என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் காத்திருந்து தருகிறார்கள்.

2005-ல் அமெரிக்கக் குழு ஒன்று இரண்டையும் 13 நாள் மோதவிட்டது. பூப்ரினார்ஃபினோடு, ஓபியம் வகையைத் தடுக்கும் நலாக்சோன் சேர்த்த மாத்திரை ஒரு பக்கம், குளோனிடின் மறு பக்கம். கடைசிவரை தங்கி, சிறுநீரில் போதை இல்லாதவர்களே வென்றவர்கள். மருத்துவமனையில் தங்கியவர்களில் முதல் மருந்துக்கு 77 சதவீதம், குளோனிடினுக்கு 22. வீட்டிலிருந்து வந்துபோனவர்களில் 29, 5. யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியும் என்பதால், குளோனிடின் கிடைத்தவர்களில் சிலர் ஏமாற்றத்திலேயே கிளம்பியிருக்கலாம். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியை ஏமாற்றம் மட்டும் உண்டாக்காது.

எனக்கு உறுத்துவது இரண்டாவது ஜோடி. மருந்து மாறவில்லை, படுக்குமிடம் மாறியது. 77 இருந்த இடத்தில் 29. கீரமங்கலத்தில் விடியுமுன் பூப்பறிக்க இறங்குகிறவர் 13 நாள் வேலையை விட்டுப் படுப்பாரா? அவருக்கு எந்த ஜோடிக் கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கையெட்டும் தூரமும் தலைகீழ். குளோனிடினை மருத்துவர் சீட்டோடு மருந்துக்கடையில் கேட்கலாம். போதை மீட்புக்கான பூப்ரினார்ஃபின் அனுமதி பெற்ற மையங்களுக்கே போகிறது. அந்தக் கெடுபிடிக்கும் காரணம் உண்டு. சென்னையில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே 1990-களில் புழங்கிய மருந்துகளில் பூப்ரினார்ஃபினும் ஒன்று. நலாக்சோனைச் சேர்த்ததே, கரைத்து ஊசியில் ஏற்றினால் போதைக்குப் பதில் வேதனை வரட்டும் என்றுதான்.

இரண்டில் எதை எடுத்தாலும் அந்த 13 நாளுக்குப் பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். வீடு திரும்பி, பழைய அளவையே ஒருமுறை ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். சோதனையின் வெற்றிக் கணக்கு அந்த நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.