சூளை ஆறும் வரை

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் பலர் நினைவில் எழும். பீங்கான் தொழிலும் இவ்வூரின் அடையாளமே. களிமண்ணை அரைத்துக் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் அடுக்கிச் சுடுகிறார்கள். வெப்பம் ஆயிரம் பாகையைத் தாண்டும். நெருப்பு அணைந்த பின்னும் சூளையை உடனே திறப்பதில்லை. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று புகுந்து, நன்கு வெந்த பொருளும் விரிசல் கண்டுவிடும். ஆகவே, சூளை ஆறும் வரை காத்திருக்கிறார்கள்.

இத்தொழிலில் ஈடுபட்டுள்ள ஓர் இளைஞர் அண்மையில் நம்மிடம் வந்தார். பாதியில் நின்றுபோன படிப்பை முடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. ஆயினும், "முப்பது வயதாகிவிட்டது, சாமி. இனிமேல் படித்து எப்போது கரை சேர்வது?" என்று கேட்டார். விடை தேடிய நம் நெஞ்சில், இப்பகுதியிலேயே உள்ள கோணான்குப்பம் தோன்றியது. பெரியநாயகி அன்னையின் திருத்தலம் அமைந்த அவ்வூர், வீரமாமுனிவரின் வாழ்வோடு பிணைந்தது.

1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்த பெஸ்கி, இயேசு சபைக் குருவாகி, 1710-இல் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். அப்போது அவருக்கும் வயது முப்பதே. மறைப்பணிக்குத் தேவையான அளவு பேச்சுத் தமிழைக் கற்றிருந்தாலே போதும். எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ தமிழ்ப் புலவர் மரபின் உள்ளே நின்று பாடும் அளவுக்குத் தமிழில் தேர வேண்டும் என்று உறுதி கொண்டார். சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது மரபுவழிச் செய்தி.

பாதை எளிதாயிருக்கவில்லை. தொடக்க ஆண்டுகளிலேயே சிறையும் மரண அச்சமும் அவரைச் சூழ்ந்தன. பங்குப் பணிகளும் பயணங்களும் ஓயவில்லை. இவற்றுக்கிடையில்தான் 1726-இல் தேம்பாவணி நிறைவுற்றது. புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியம் 3 காண்டங்களும், 36 படலங்களும், 3,615 பாடல்களும் உடையது. முப்பது வயதில் தமிழகம் வந்தவர், அதற்குப் பதினைந்து ஆண்டுகள் உழைத்திருந்தார்.

வழியில் கண்ட தடைகளை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே நாம் கற்க வேண்டியது. அந்நாளைய நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. மனப்பாடம் செய்தவர்க்கே சொற்பொருள் எளிதில் கிட்டும். இதைக் கண்டு அவர் சலித்து ஒதுங்கவில்லை. சொற்களை அகரவரிசைப்படுத்தி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாக 1732-இல் சதுரகராதியை அமைத்தார். குறில் எகர ஒகரங்களை நெடிலினின்று பிரித்துக் காட்டப் புள்ளியிட வேண்டும். ஓலையிலோ புள்ளி பெரும்பாலும் விடுபட்டுவிடும். இக்குழப்பம் நீங்க நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். ஏ, ஓ என்று இன்று நாம் எழுதும்போதெல்லாம் அவ்வுழைப்பின் பயனை நுகர்கிறோம். தமக்கு இடறலாயிருந்த கல்லைப் பிறர்க்குப் படியாக்கிச் சென்றார் எனலாம்.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. லுத்தரன் சபையாரோடு அவர் எழுத்தில் கடுமையாக வாதிட்டவர். ஆயினும், கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது தரங்கம்பாடியில் இருந்த அவர்களுடைய அச்சகமே. பூசலைத் தாண்டியும் உண்மையான உழைப்பு மதிக்கப்பட்டது.

ஆனால், தேம்பாவணி அச்சேறியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1747-இல் அவர் மறைந்தார். நூல் புதுச்சேரியில் அச்சாகி வெளிவந்தது 1851-க்கும் 1853-க்கும் இடையில். இடைப்பட்ட காலம் நூறு ஆண்டுகளுக்கும் மேல்! அவர் மூட்டிய சூளையைத் திறந்து பார்த்தவர்கள் வேறொரு தலைமுறையினர்.

அன்பர்களே, நாம் நம் குறிக்கோள்களைக் கைவிடுவது பெரும்பாலும் ஆற்றல் இன்மையால் அன்று. இன்று தொடங்கியது நாளையே பலன் தர வேண்டும் என்று நினைக்கிறோம். நாள்தோறும் கதவைத் திறந்து பார்த்து, உள்ளிருப்பதை நாமே உடைத்துவிடுகிறோம். அல்லது, காலம் கடந்துவிட்டது என்று நெருப்பே மூட்டாமல் இருந்துவிடுகிறோம். சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தில் ஒரு குயவர் வருகிறார். சக்கரத்தருகே அமர்ந்து, வேலையைச் செம்மையாக முடிப்பதிலேயே மனத்தைச் செலுத்தி, சூளைக்காக உறக்கத்தையும் துறக்கிறார். விற்பனையைப் பற்றியோ புகழைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. தம் கையிலுள்ள வேலைக்கு உண்மையாயிருப்பதே அவர் கடமை.

நம்மிடம் வந்த இளைஞரிடம் இவ்வரலாற்றைச் சொன்னோம். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "நாங்கள் சூளையைத் திறக்காமல் ஒரு நாள் பொறுப்போம், சாமி. அவர் வாழ்நாள் முழுவதும் பொறுத்திருக்கிறாரே!" என்றார். அடுத்த வாரம் விண்ணப்பப் படிவத்தோடு வந்து, நம் மேசையில் அமர்ந்தே அதை நிரப்பினார். அவர் படிப்பை முடிப்பாரா என்று நாம் கேட்கவில்லை. நெருப்பு மூட்டியாயிற்று; கதவு மூடியிருக்கட்டும்.