கூர்ந்து கேட்டல்: ஆனைமலை வரலாற்றில் மூன்று நிகழ்வுகள்

கூர்ந்து கேட்டல் என்பது பேசுபவரின் சொற்களையும் அவற்றின் பின்னுள்ள உணர்வையும் தேவையையும் புரிந்துகொள்ளும் உரையாடல் திறன் ஆகும். புரிந்ததை அவரிடமே சொல்லிச் சரிபார்ப்பதும், அதற்கேற்பத் தன் முடிவை மாற்றிக்கொள்வதும் இதில் அடங்கும். குடும்பம், மருத்துவம், தொழிலகம், அரசு நிர்வாகம் என மனிதர் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் எல்லா இடங்களிலும் இது தேவைப்படுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள ஆனைமலைத் தொடரில், கேட்டதால் விளைந்த நன்மையையும் கேட்கத் தாமதித்ததால் விளைந்த துயரத்தையும் காட்டும் நிகழ்வுகள் உண்டு. அவற்றுள் மூன்று இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சொல்லும் கருத்தும்

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல் செவிமடுத்தல், வினவுதல் ஆகிய இரு பொருளையும் தருகிறது. 'கேள்', 'கேளிர்' என்பவை சங்க இலக்கியத்தில் உறவினரைக் குறிக்கும் சொற்களாகவும் வருகின்றன. திருக்குறளின் 42-ஆம் அதிகாரம் 'கேள்வி' ஆகும். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களுக்கு அடுத்தும் அறிவுடைமைக்கு முன்பும் இது வைக்கப்பட்டுள்ளது.

தொழில் உலகில் இத்திறன் 20-ஆம் நூற்றாண்டில்தான் தனியாக ஆராயப்பட்டது. அமெரிக்காவில் சிகாகோ அருகிலிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில், 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. தொடக்கத்தில் குறித்த கேள்விகளே கேட்கப்பட்டன. தொழிலாளர்களோ அக்கேள்விகளை விட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினர். எனவே 1929-இல் அவர்களைத் தடையின்றிப் பேசவிடும் முறை கொண்டுவரப்பட்டது. அரை மணி நேரம் நீடித்த நேர்காணல்கள் ஒன்றரை மணி நேரம் வரை நீண்டன.

உளவியல் அறிஞர்கள் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் இருவரும் 1957-இல் எழுதிய சிறு நூல் இத்திறனுக்குப் பெயரளித்தது. சொல்லின் பொருளோடு உணர்வையும் கேட்க வேண்டும், குரல், முகக்குறிப்பு, தயக்கம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும் என அவர்கள் வலியுறுத்தினர். உடனே அறிவுரை சொல்வதும் தீர்ப்பு வழங்குவதும் பேசுபவரின் வாயை அடைத்துவிடும் என்பது அவர்களின் கருத்து.

தோட்ட மருத்துவர் கேட்ட கதைகள்

வால்பாறை மேட்டுநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காடுகள் அழிக்கப்பட்டு, முதலில் காபியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. சமவெளி மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்களைக் கங்காணிகளும் மேஸ்திரிகளும் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே பல படிகள் இருந்தன. கட்டளை மேலிருந்து கீழே எளிதில் வந்தது. குறை கீழிருந்து மேலே செல்ல வழியில்லை. மலேரியாவும் கடனும் பல குடும்பங்களை அழித்தன.

1940-களில் இத்தோட்டங்களில் மருத்துவராகப் பணிக்கு வந்தவர் பி. எச். டேனியல். முதிய தொழிலாளர்கள் தங்கள் இளமைக்காலம் பற்றிக் கூறியவற்றை அவர் பொறுமையாகக் கேட்டார். நோய்க்கு மருந்து எழுதுவதோடு தம் பணி முடிந்தது என அவர் கருதவில்லை. தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டார். கேட்டறிந்த வாழ்க்கைகளைக் கொண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல் 1969-இல் வெளிவந்தது. இரா. முருகவேள் இதனை 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் மொழிபெயர்த்தார். 2013-இல் வெளியான பாலாவின் 'பரதேசி' திரைப்படம் இந்நாவலைத் தழுவியது.

ஆவணங்களில் கூலிக் கணக்காக மட்டும் இருந்த மக்களின் வாழ்க்கை பிற்காலத்தவருக்குக் கிடைத்ததற்கு ஒரு மருத்துவரின் கேட்கும் பழக்கமும் காரணமாகும். நோயாளி சொல்லும் வாழ்க்கைக் கதை நோயைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பதை இது உணர்த்துகிறது.

யானை வரும் செய்தி

காடுகளால் சூழப்பட்ட வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லும்போது தேயிலைத் தோட்டங்களைக் கடக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2002 முதல் இங்கு யானைகளின் நடமாட்டத்தைப் பதிவு செய்து வருகின்றனர். யானை தாக்கி உயிரிழந்தவர்களைப் பற்றி விசாரித்தபோது முக்கியமான ஓர் உண்மை தெரியவந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அருகில் யானை இருப்பதை அறியாதவர்கள். வேலை முடிந்தோ கடைக்குப் போயோ மாலையில் வீடு திரும்பும் வழியில் எதிர்பாராமல் யானையின் முன் சென்றவர்கள் பலர்.

யானைகளை விரட்டுவதே தீர்வு என்ற எண்ணத்தை இது மாற்றியது. மக்களுக்குத் தேவைப்பட்டது உரிய நேரத்தில் கிடைக்கும் செய்தி. முதலில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் யானைகள் நிற்கும் இடம் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. எழுத்துச் செய்தி எல்லோருக்கும் பயன்படாது என்பதால் தமிழில் குரல் அழைப்புகளும் சேர்க்கப்பட்டன. முக்கிய இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. அப்பகுதி மக்களே கைப்பேசி அழைப்பின் மூலம் அவற்றை எரியச் செய்தனர். யானையைக் கண்டவர் தகவல் தருவதும், அத்தகவல் மற்றவர்களைச் சென்றடைவதும் என இருவழித் தொடர்பு உருவானது. இப்பணிக்காக ஆய்வாளர் எம். ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார்.

கல்லார்குடிக் காடர்கள்

ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலுள்ள கல்லார்குடி, காடர் பழங்குடியினரின் குடியிருப்பு. 2019 ஆகஸ்ட் மாதம் பெய்த கனமழையில் ஏற்பட்ட மண்சரிவால் அங்கு வீடுகள் சேதமடைந்தன. பாதுகாப்பான இடமாகத் தெப்பக்குளமேட்டை மக்களே தேர்ந்தெடுத்துக் குடிசை அமைத்தனர். அங்கிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டு, தாய்முடி தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டனர்.

நிர்வாகத்தின் பார்வையில் அவர்களுக்குக் கூரை கிடைத்துவிட்டது. காடர்கள் கேட்டதோ காட்டோடு சேர்ந்த வாழ்விடம். வனப்பொருள் சேகரித்து வாழும் சமூகத்துக்குத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு மாற்றாக அமையாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபையின் முடிவுக்கு முக்கிய இடமளிக்கிறது. எனினும் ஈராண்டுக் காத்திருப்புக்கும் போராட்டங்களுக்கும் பின்னரே, 2021-ஆம் ஆண்டின் இறுதியில், தெப்பக்குளமேட்டில் 21 குடும்பங்களுக்கு நில உரிமை வழங்கப்பட்டது. மக்கள் முதலில் சொன்ன இடமே கடைசியில் தீர்வாயிற்று. கோரிக்கை மனுவைப் பெற்றுக்கொள்வதும் கோரிக்கையைக் கேட்பதும் வேறு வேறு என்பதற்கு இது சான்று.

அன்றாட உறவுகளில்

இந்நிகழ்வுகளில் காணப்படும் கூறுகள் வீட்டுக்கும் பணியிடத்துக்கும் பொருந்துவன.

முதலாவது, நேரம் தருதல். டேனியலுக்குக் கிடைத்த கதைகள் அவசரமான விசாரணையில் கிடைக்கக்கூடியவை அல்ல. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையோ வேலை பற்றிப் பேசத் தொடங்கும் துணைவரோ முதல் வாக்கியத்திலேயே முழுவதையும் சொல்லிவிடுவதில்லை.

இரண்டாவது, முன்முடிவைத் தள்ளிவைத்தல். வால்பாறையில் உயிரிழப்புகள் எப்படி நேர்ந்தன என்று விசாரித்த பிறகே பொருத்தமான தீர்வு புலப்பட்டது. அலுவலகத்தில் ஒருவர் அடிக்கடி தாமதமாக வந்தால், எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன் காரணத்தைக் கேட்பது இதே முறைதான்.

மூன்றாவது, புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தல். "வீடு கேட்கிறீர்களா, இந்த இடத்தில் வீடு கேட்கிறீர்களா" என்ற ஒரு கேள்வி பல மாதப் பிணக்கைத் தவிர்க்கும்.

நான்காவது, கேட்டதற்கேற்பச் செயல்படுதல். கோரியதை அப்படியே கொடுக்க முடியாத நிலையில், முடியாததற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்வதும் செயலே ஆகும். மறுமொழி எதுவும் இல்லாவிட்டால் பேசியவர் அடுத்த முறை பேச வரமாட்டார். குடும்பத்திலும் நிர்வாகத்திலும் பல உறவுகள் முறிவது அந்த மௌனத்துக்குப் பிறகுதான்.