வாசாஹரீதகி: திருமுக்கூடல் மருந்துப் பட்டியலில் ஓர் இலை

காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலசாலையை (மருத்துவமனையை)ச் சொல்வார்கள், மருத்துவர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனின் பெயரைச் சொல்வார்கள், மருந்துப் பெயர்களை அடுக்குவார்கள், அத்தோடு முடித்துக்கொள்வார்கள். அந்த மருந்துப் பட்டியல் யார் வாயிலிருந்து, எந்தத் தேவைக்காகக் கல்லில் ஏறியது என்ற கேள்வி எழுவதே இல்லை. கேள்வி எழாமல் போனதற்கு, கல்வெட்டை முதலில் விரிவாகப் பதிப்பித்த கே. வி. சுப்பிரமணிய ஐயரின் அணுகுமுறையே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் (1931–32) வெளிவந்த அவருடைய பதிப்பின் அருமையை யாரும் மறுக்க முடியாது. நீண்ட கல்வெட்டு அது. கோயில் பூசைச் செலவும், வேதமும் வியாகரணமும் கற்பித்த கல்லூரியின் செலவும், விடுதிச் செலவும், ஆதுலசாலைச் செலவும் நெல்லிலும் காசிலும் கணக்கிடப்பட்டு வருகின்றன. மருந்துப் பகுதிக்கு வந்ததும் ஐயர் சரகம், சுசுருதம் முதலிய வடமொழி நூல்களைத் துணையாகக் கொண்டு பெயர்களை அடையாளம் காண்கிறார். அந்தக் காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த முறையில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒரு நூல் வந்து நிற்கிறது; நூலில் உள்ள சரக்குகளும் நோய்களும் கல்வெட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. கல் சொல்வது பெயரையும் அளவையும் மட்டும். மற்றதெல்லாம் நாம் ஊற்றியது. அவருக்குப் பின் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைக்கூட மறந்துவிட்டு, 11ஆம் நூற்றாண்டுத் திருமுக்கூடலில் இன்னின்ன நோய்க்கு இன்னின்ன மருந்து கொடுத்தார்கள் என்று துணிந்து எழுதுகிறார்கள். பட்டியல் சரக நூலின் பொருளடக்கம் போல ஆகிவிட்டது.

நான் அதை ஒரு சரக்கறைக் கணக்காகப் படிக்கச் சொல்கிறேன். ஓராண்டுக்கு அறையில் இருக்க வேண்டிய இருப்பு இது. அரிதகி (கடுக்காய்) வகைகள் படிக்கணக்கில் வருகின்றன, தைலங்கள் தூணிக்கணக்கில், நெய் பதக்குக்கணக்கில். மாத்திரைகள் 2000, 2000 என்று எண்ணிக்கையில். நூலைப் பார்த்து எழுதியவன் இப்படி அளக்கமாட்டான். அறையில் பானையையும் பரணியையும் பார்த்துப் பழகியவன் அளப்பான்.

சம்பளக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம். பச்சிலை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் இருவருக்குச் சேர்த்து 60 கலமும் 2 காசும். 12 குறுணி ஒரு கலம், 360 நாள் ஓராண்டு என்று வகுத்துப் பார்த்தால் பச்சிலைக்காரர் ஒருவருக்கு நாளுக்கு ஒரு குறுணி விழுகிறது. அறுவை செய்பவருக்கும் அதே ஒரு குறுணிதான். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்கள் இருவருக்கும் சேர்த்தே 30 கலம், அதாவது ஆளுக்கு அரைக் குறுணி. இலை பறிப்பவனைக் கூலியாளாக நினைத்திருந்தால் கத்தி பிடிப்பவனுக்குச் சமமாக நெல் அளந்திருப்பார்களா? ஐயரின் பதிப்பில் இந்த இருவரும் கணக்கில் ஒரு வரியாக வந்து போகிறார்கள். ஆதுலசாலையின் மருந்தறிவில் பாதி அவர்களிடம்தான் இருந்தது என்பது என் வாதம்.

இனி ஒரு சொல்வடிவம். பட்டியலில் ‘மண்டூகர வடகம்’ என்றொரு மருந்து வருகிறது, 2000 உருண்டை. சரகத்தில் பாண்டு நோய்க்குச் சொல்லப்படும் மண்டூர வடகம் என்று இதைத் திருத்திக்கொள்வது எளிது. மண்டூரம் என்பது இரும்புக் கிட்டம். இரத்தச் சோகைக்கு இரும்பு, பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் நடுவில் நிற்கும் ‘க’ எங்கிருந்து வந்தது? அதே பட்டியலில் பலா, ஏரண்டம் (சிற்றாமுட்டி, ஆமணக்கு) சேர்ந்த தைலம் ‘பலாகேரண்ட தைலம்’ என்று வருகிறது. அங்கும் ஒரு ‘க’ உபரி. ஒரு முறை நேர்ந்தால் சிற்பியின் கைப்பிழை என்று விட்டுவிடலாம். இரண்டு முறை, இரண்டும் மருந்துப் பெயரில், இரண்டும் நெட்டுயிரை அடுத்து. ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தால் இத்தகைய பிழை வருவது அரிது. வாயால் சொல்லக் கேட்டு எழுதும்போது வரும். சமையற்கட்டில் புழங்கிப் புழங்கி உருமாறிய பெயர்களை ஒருவர் சொல்ல, மற்றொருவர் எழுதியிருக்கிறார் என்று நான் கொள்கிறேன்.

சான்று மெல்லியது என்பது எனக்குத் தெரியும். இரண்டு எழுத்தின் மேல் ஒரு வாதத்தைக் கட்டுகிறேன். இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது: மண்டூகபர்ணி என்பது வல்லாரை. ‘மண்டூகர’ என்பது அதன் திரிபானால் 2000 உருண்டையும் இரும்பல்ல, ஆற்றங்கரை இலை. அப்படியானால் பாண்டு நோய்க்கான மருந்து என்று எழுதப்பட்டதெல்லாம் தரையில் நிற்காது. இரண்டில் எது என்று இப்போதைக்கு முடிவு கட்ட முடியாது. மண்டூரம் என்று திருத்தி அச்சிட்டுவிட்டால் கேள்வியே இறந்துவிடும் என்பதுதான் என் ஆட்சேபம்.

ஐயமே இல்லாத பெயர் வாசாஹரீதகி. வாசா என்பது ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய். சரகத்தில் இரத்தபித்தத்துக்கு வாசா நெய் தனியே உண்டு. இருமலுக்கு அகத்திய ஹரீதகி தனியே உண்டு. திருமுக்கூடல் சரக்கறையில் இலையும் காயும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. இலைச்சாற்றில் கடுக்காயை வேகவைத்து இனிப்பிட்டுக் கிளறிய லேகியம் என்று கொள்வது இயல்பு. படியால் அளந்திருப்பதும் லேகியத்துக்குப் பொருந்தும். இனிப்பு எது, மிளகும் திப்பிலியும் சேர்ந்தனவா என்பதெல்லாம் கல்லில் இல்லை.

ஆடாதோடையை அறியாதவர் காஞ்சிபுரத்துப் பக்கம் குறைவு. வேலியோரம் ஆளுயரம் வளரும் புதர். ஈட்டி வடிவில் நீண்ட இலை, நசுக்கினால் ஒரு பச்சை நெடி, நுனி நாக்கில் பட்டால் நெடுநேரம் நிற்கும் கசப்பு. வெள்ளைப் பூவின் கீழுதட்டில் ஊதாக் கோடுகள். ஆடு வாய் வைக்காது. லின்னேயசு 1753இல் இதற்கு ஜஸ்டிசியா ஆடாதோடா என்று பெயரிட்டபோது நம் பக்கத்துப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

இதன் வேதியியல் தொடங்கியதும் தமிழ்நாட்டில்தான். உதகமண்டலத்தில் மதராஸ் அரசின் சின்கோனாப் பட்டை ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888இல் இந்த இலையிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்து வாசிசின் என்று பெயரிட்டார். அதோடு சேர்ந்திருந்த அமிலத்தை ஆடாதோடிக் அமிலம் என்றார். டைமக், வார்டன் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘பார்மகோகிராபியா இண்டிகா’ (1890–93) இதைப் பரவலாக்கியது. 1924இல் சென்னும் கோசும் வாசிசினை மறுபடி கையிலெடுத்தார்கள். 1930களில் இந்தியாவிலும் வியன்னாவிலும் அதன் அமைப்பு தெளிவாயிற்று. வேறொரு செடியில் கண்ட பெகனினும் இதுவும் ஒன்றே என்பதும் தெரிந்தது. வாய்பாடு C11H12N2O. 1959இல் அமீனும் மேத்தாவும் வாசிசினோன் என்ற உடன்பிறப்பைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வாசிசினை முன்மாதிரியாக வைத்து ஜெர்மானியர் செய்த புரோம்ஹெக்சினும், அதிலிருந்து வந்த அம்புரோக்சோலும் இன்று மருந்துக்கடை இருமல் மருந்துகளில் புழங்குகின்றன. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதும் பின்னர் ஆய்வில் தெரிந்தது. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ‘அன்றே சோழன் கண்ட இருமல் மருந்து’ என்று முழங்குவது ஐயர் செய்ததையே வேறு நூலைக் கொண்டு செய்வதாகும். சரகத்தை ஊற்றிய இடத்தில் ஹூப்பரை ஊற்றுகிறோம், அவ்வளவுதான். வேதியியல் நமக்கு உதவுவது வேறோர் இடத்தில். வாசிசின் காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோனாக மாறுகிறது. பறித்த அன்றைய இலையும் பல நாள் கிடந்த இலையும் ஒரே மருந்தல்ல. இது ஆடாதோடைக்கு மட்டும் உரிய குணமுமல்ல. காஷ்மீரத்து அக்ரோட்டு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பச்சை இலையில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஜுக்லோனின் குளுக்கோசைடு. இலை கசங்கும்போது அது உடைந்து, விரலைப் பழுப்பாக்கும் ஜுக்லோனாகிறது. உலர்த்தி வைத்தால் ஜுக்லோன் வெகுவாகக் குறைந்து, டானின்களும் பிளேவனாய்டுகளுமே மிஞ்சுகின்றன. ஐரோப்பியர் உலர்ந்த அக்ரோட்டு இலையின் கசாயத்தைத் தோல் அழற்சிக்கும், கை கால் மிகுதியாக வியர்ப்பதற்கும் மேலுக்குப் பயன்படுத்துவது அந்தத் துவர்ப்பை நம்பித்தான். சரகம் அக்ரோட்டுப் பருப்பை அட்சோடம் என்று குறிப்பிடுகிறது; அந்த மரமும் இலையும் பாலாற்றுச் சமவெளிக்கு வந்ததில்லை. இங்கே அது ஒப்பீட்டுக்கு மட்டும். இலை மருந்தில் பறிக்கும் நேரமும் காய்ச்சும் நேரமும் மருந்தின் பகுதி. அதை அறிந்தவர்களுக்குத்தான் நாளுக்கு ஒரு குறுணி அளந்தார்கள்.

கடுக்காய் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அதில் செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் போன்ற டானின்கள் நிறைய. ஆல்கலாய்டுகளை டானின்கள் பிடித்துக் கரையாமல் படியச் செய்யும் என்பது பொது இயல்பு. ஆடாதோடைக் கசாயத்தில் கடுக்காய் வேகும்போது வாசிசினில் ஒரு பங்கு அப்படிக் கட்டுண்டிருக்கக்கூடும். அப்படியானால் வாசாஹரீதகி, ஹூப்பர் பிரித்த வெள்ளைப் படிகம் செய்யும் வேலையை அப்படியே செய்திருக்காது. மெல்ல மெல்லச் செய்திருக்கலாம், வேறு வேலையும் செய்திருக்கலாம். நோயாளிகள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கல்லூரி மாணவர்களும் கோயில் பணியாளர்களும். விடியலில் தொடங்கி வேதம் ஓதும் பிள்ளைகள் நெருங்கி வாழும் விடுதியில் இருமலும் தொண்டைக்கட்டும் எப்போதும் இருந்திருக்கும். இது ஊகம், ஆனால் அரிதகி லேகியங்கள் பட்டியலின் முன்வரிசையில் நிற்பதை வேறு எப்படி விளக்குவது?

சரக்கு எங்கிருந்து வந்தது? ஆடாதோடைக்குக் கோயில் மதிலைத் தாண்டினால் போதும். கடுக்காய் அப்படியல்ல, மலைமரம். திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் செய்யாறு, கடுக்காய் விளையும் ஜவ்வாது மலையில் பிறக்கிறது. ஆற்றைப் பிடித்து மேலே நடந்தால் வழியில் மாகறல். காஞ்சிக்குத் தெற்கே, உத்திரமேரூர்ச் சாலையில், செய்யாற்றின் கரையில் இருக்கும் ஊர்; சம்பந்தர் மூன்றாம் திருமுறையில் பாடிய தலம்; தலமரம் எலுமிச்சை. அந்தப் பதிகத்தைப் பாடினால் நோய் தீரும் என்று நம்பி வருவோர் இன்றும் உண்டு. மாகறலுக்கும் வீரசோழன் ஆதுலசாலைக்கும் நேர்த்தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் திருமுக்கூடலின் சரக்கறையை நிரப்பிய வழி ஏதென்று தேடினால், செய்யாற்றங்கரை ஊர்களை விட்டு வடக்கே காஞ்சி அங்காடியை மட்டும் பார்ப்பது சரியாகாது. அந்த ஊர்க் கல்வெட்டுகளில் நெல்லோடும் நெய்யோடும் வேறு சரக்கு எதுவும் ஏற்றி வரப்பட்டதா என்று இந்தக் கண்ணோடு மறுபடி படித்தால் என் கருத்து நிற்கும் அல்லது விழும்.

காலம் பற்றி ஒரு சொல். வீரராசேந்திரன் 1063இல் ஆட்சிக்கு வந்தான். இந்தக் கல்வெட்டை 1067 என்றும் 1069 என்றும் வெவ்வேறாக எழுதியிருக்கிறார்கள். மருந்தின் வரலாற்றுக்கு இந்த ஓரிரு ஆண்டு பெரிதல்ல. 1060களின் பிற்பாதி என்று கொண்டால் போதும். அதைவிடப் பெரிய தொல்லை, நம் கையில் இருக்கும் சித்த மருத்துவப் பாடல்களில் பெரும்பாலானவை மொழிநடையால் இதற்குப் பிந்தியவை என்பது. ஆகவே இது சித்தமா ஆயுர்வேதமா என்ற இன்றைய வழக்குக்கு இந்தக் கல்லைச் சாட்சியாக இழுக்க வேண்டாம். பெயர்கள் வடமொழி, இலை வேலியோரத்தது, காய்ச்சியவர்களின் பெயரோ கல்லில் இல்லை.

ஐயரின் பதிப்பு வந்து 90 ஆண்டு கடந்துவிட்டது. மருந்துப் பகுதி வரிகளை மட்டுமாவது புதிதாக மைப்படி எடுத்து, கல்வெட்டாளர், மருத்துவர், தாவர வேதியியலாளர் மூவரும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். அதுவரை ‘மண்டூகர’ என்பதை மண்டூரமாகத் திருத்தாமல், கல்லில் உள்ளபடியே அச்சிடுங்கள்.