பெயர் மாறிய எக்காள வீரன்

சீன – ஜப்பானியப் போர் முறையாக அறிவிக்கப்பட்டது 1894 ஆகஸ்டு 1ஆம் நாள். அதற்கு மூன்று நாள் முன்னரே, ஜூலை 29 அன்று, கொரிய மண்ணில் சொங்வான் என்னும் இடத்தில் இரு படைகளும் மோதின. குண்டடிபட்ட ஜப்பானிய வீரன் ஒருவன் உயிர் பிரியும்வரை எக்காளத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை என்ற செய்தி தோக்கியோவை எட்டியது. அவன் பெயர் ஷிரகாமி கென்ஜிரோ என்றனர். கவிஞர்கள் அவனைப் பாடினர், ஓவியர்கள் வரைந்தனர்.

அவ்வோவியங்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. ஓவியர் கோடு வரைவார், செதுக்குநர் அதனைச் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார், அச்சிடுவோர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுப்பார், பதிப்பாளர் விற்பார். மூன்று தாள்களை அடுத்தடுத்து வைத்தால் ஒரே போர்க்களம் விரியும். நடிகரையும் அழகியரையும் காட்டி வாழ்ந்த இக்கலை, நிழற்படமும் கல்லச்சும் வந்தபின் நலிந்திருந்தது. போர் அதற்குச் சிறிது காலம் புத்துயிர் தந்தது.

1870களின் பிற்பகுதியில் தோக்கியோவின் அந்தியையும் விளக்கொளியையும் மென்மையாகத் தீட்டியவர் கொபயாஷி கியோச்சிகா. இப்போது அதே கை பனியிரவையும் வெடிச்சுடரையும் தீட்டிற்று. ஒளியைக் கையாளும் திறம் குறையவில்லை; அது எதற்குத் துணைநின்றது என்பதே மாறியது. ஓவியர் பெரும்பாலோர் களத்தைக் காணாமல், நாளேட்டுச் செய்தியைக் கொண்டே வரைந்தனர். எனவே தாள்தோறும் ஜப்பானியர் நிமிர்ந்து நின்றனர். சீனர் சிதறி ஓடினர். எவர் மண்ணில் போர் நடந்ததோ அக்கொரியர் அரிதாகவே தென்பட்டனர்.

பின்னர் அந்த எக்காளம் ஊதியவன் ஷிரகாமி அல்லன், கிகுச்சி கொஹெய் என அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளி நீதிநூல்கள் இப்பெயரையே சிறுவர்க்குக் கற்பித்தன. ஓவியத்தில் மாற்ற வேண்டியிருந்தது பெயர் ஒன்றே. முகம் புதியவனுக்கும் பொருந்திற்று. வரைந்தவர் எவன் முகத்தையும் கண்டதில்லை அல்லவா?

1904–05இல் ரஷ்யாவுடன் போர் மூண்டபோது மக்கள் நிழற்படங்களையே மிகுதியும் நாடினர். மர அச்சுப் போரோவியம் மங்கியது. இன்று அருங்காட்சியகங்களில் அதன் வண்ண அழகு வியக்கப்படுகிறது. வியப்பு தகும். ஆயினும் கலைஞன் மறக்கலாகாதது ஒன்றுண்டு: ஷிரகாமியும் கிகுச்சியும் அதே போரில் மடிந்தவர்களே. ஓவியத்துக்கோ ஒரு வீரன் போதுமானவனாக இருந்தான்.