பகலில் எரியும் விளக்கு: இருசக்கர வாகனத்தைக் கண்ணில் படவைக்கும் முயற்சியின் வரலாறு

பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய ஒரு வண்டி வந்தால், எதிரே வருபவர் கையை உயர்த்தி விரல்களை மூடித் திறந்து காட்டுவது தமிழ்நாட்டுச் சாலைகளின் நெடுநாள் வழக்கம். "லைட் எரியுதுண்ணே" என்பதன் சைகை வடிவம் அது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்ற விதி வந்தது. அணைக்கும் சுவிட்சே இல்லாத வண்டியில் போகிறவருக்கும் பழக்க தோஷத்தில் கை காட்டுபவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் சைகை இல்லை. மறதி என்று நாம் கருதிய ஒன்று சட்டமாக மாறியதன் பின்னே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வதும் சட்டம் எடுத்துக்கொண்டதும் ஒன்றல்ல.

அமெரிக்க மாநிலங்கள் சில 1960-களின் இறுதியிலேயே பகல்விளக்கைக் கட்டாயமாக்கத் தொடங்கின. 1978 முதல் தயாரிக்கப்படும் மோட்டார் சைக்கிள்களில் விளக்கு தானாக எரிய வேண்டும் என்றது கலிஃபோர்னியா. இவற்றுக்கு வலுவான அறிவியல் அடித்தளம் தந்தது தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981-இல் வெளியான ஆய்வு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறத்தாழ 900 விபத்துகளை ஹர்ட் குழுவினர் நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தார்கள். மேலும் 3,600 காவல்துறை அறிக்கைகளையும் அலசினார்கள்.

விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று, இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அந்த இன்னொரு வாகனம் பெரும்பாலும் கார். அத்தகைய மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டியவர் கார் ஓட்டுநர், அவர் விடவில்லை. சந்திப்பில் கார் இடப்பக்கம் திரும்ப, எதிரே நேராக வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதுவதே அடிக்கடி கண்ட காட்சி. (அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்பவை. நம் ஊரில் இதுவே வலப்பக்கம் திரும்பும் கார்.) மோதிய ஓட்டுநர்களில் பலர் சொன்னது ஒன்றே: பார்க்கவில்லை, அல்லது பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டது.

'பார்க்கவில்லை' என்பதைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்காமல் தரவாக எடுத்துக்கொண்டதுதான் ஹர்ட்டின் பெரும் பங்களிப்பு என்பேன். முன்னிருந்து பார்த்தால் மோட்டார் சைக்கிளின் அகலம் காரின் அகலத்தில் பாதிகூடத் தேறாது. கார் கண்ணாடியின் ஓரத்தூண் ஒன்றே அதை முழுதாக மறைத்துவிடும். கண் அதன்மேல் விழுந்தாலும், கார்களையே தேடப் பழகிய மூளை அதைப் பதிவுசெய்யாமல் கடந்துவிடுவதும் உண்டு. பகலிலும் விளக்கைப் போடுங்கள், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு போன்ற பளிச்சென்ற மேலுடை அணியுங்கள் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

1985-இல் பால் ஸாடோர், பகல்விளக்குச் சட்டம் உள்ள மாநிலங்களையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு, பகல்நேர உயிரிழப்பு விபத்துகள் 13 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார். ஆனால் அமெரிக்காவைவிட நமக்கு நெருக்கமான சான்று மலேசியாவிலிருந்து வருகிறது. மோட்டார் சைக்கிள்களே சாலையை நிறைக்கும் நாடு அது. அங்கே 1992-இல் பகல்விளக்கு நடைமுறைக்கு வந்தது. ராடின் உமரும் சக ஆய்வாளர்களும் சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளின் விபத்துகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரை, 'கண்ணில் படாமை' சார்ந்த விபத்துகள் 29 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. நோன்பு மாதத்தின் மாற்றத்தையும், பெருநாளுக்குச் சொந்த ஊர் திரும்பும் நெரிசலையும் கழித்துவிட்டுப் பார்த்த கணக்கு என்பது அதன் தனிச்சிறப்பு. 1995-இல் சிங்கப்பூரும் விளக்கைக் கட்டாயமாக்கியது.

உடையின் பங்கைத் தெளிவாக அளந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த, 2004-இல் வெளியான ஆய்வு. காயம்பட்ட 463 ஓட்டிகளையும் விபத்தில் சிக்காத 1,233 பேரையும் அது ஒப்பிட்டது. ஒளிர்நிற உடையோ ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டையோ அணிந்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு 37 விழுக்காடு குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 விழுக்காடும், பகலில் விளக்கு எரிந்தால் 27 விழுக்காடும் குறைவு. வண்டியின் நிறத்துக்கும் சாதாரண உடையின் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒளிர் உடை அணிபவர் இயல்பிலேயே நிதானக்காரராக இருக்கலாம் என்ற ஐயம் இத்தகைய ஒப்பீடுகளை விட்டு முழுதாக அகல்வதில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால், விளக்கைப் போடு, மஞ்சள் உடுத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிந்தைய ஆய்வுகள் அந்த எளிமையைக் குலைத்துவிட்டன. 2012-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், கட்டடமும் கடைப்பலகையும் நிறைந்த நகரச் சாலையில் வெளிர், ஒளிர் உடைகள் எடுபட்டன. வெளுத்த வானமே பின்னணியாக இருந்த நெடுஞ்சாலையில் கறுப்பு உடைக்காரரே முந்திக் கண்ணில் பட்டார். கண்ணை இழுப்பது வெளிச்சம் அன்று, பின்னணியிலிருந்து பிரிந்து தெரிதல்.

விளக்குக்கும் இது பொருந்தும். சாலையில் மோட்டார் சைக்கிள் மட்டும் பகலில் விளக்கேற்றி வந்தவரை அது தனி அடையாளம். 2011 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வகைக் கார்களுக்கும் பகல்விளக்கு கட்டாயமானது. விளக்கெரியும் கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளைக் கண்டுகொள்வது கடினமாகிறது என்று பிரான்சின் வியோலா கவாலோவும் மரியா பிண்டோவும் 2012-இல் சோதனையில் காட்டினர்.

பிரான்சில் வேறொரு கேள்வியும் எழுந்தது. ஒளிதிரும்பும் கைப்பட்டையை ஓட்டிகள் அணிந்தே தீர வேண்டும் என்ற விதி 2013 தொடக்கத்தில் அமலாக இருந்தது. ஓட்டிகளின் எதிர்ப்பால் அரசு அதைக் கைவிட்டது. பார்க்கத் தவறுவது கார்க்காரர், பட்டை கட்டிக்கொள்வது நாங்களா என்ற அவர்களின் ஆதங்கத்தைப் புறந்தள்ள முடியவில்லை. வழிவிடாதவர்கள் யார் என்று ஹர்ட் எண்ணிச் சொன்னதும் அதைத்தானே.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது இன்னொன்று. கண்டுகொள்வது வேறு, கணிப்பது வேறு. மார்க் ஹார்ஸ்வில்லும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே நேரத்தில் வந்துசேரும் வாகனங்களில் பெரியதைவிட மோட்டார் சைக்கிள் தாமதமாக வரும் என்றே மக்கள் மதிப்பிட்டார்கள். நெருங்கும் பொருள் கண்ணில் விரியும் அளவைக் கொண்டே வேகத்தைக் கணிக்கிறோம். சிறியது மெல்ல விரிவதுபோல் தோன்றுகிறது. இரவில் நிலைமை இன்னும் மோசம். ஒற்றை விளக்கு வெறும் புள்ளி. அது விரிவதே தெரியாது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலவே கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் இதையே சோதித்தார்கள். முகப்பு விளக்கோடு மேலும் இரண்டு சிறு விளக்குகளைச் சேர்த்து முக்கோணமாக அமைத்தபோது, இருட்டில் வண்டியின் வேகத்தை மக்கள் மேலும் சரியாகக் கணித்தனர்.

2017-இன் இந்திய விதி கேட்பதோ அந்த ஒரு புள்ளி அணையாமல் இருப்பதை மட்டுமே. முக்கோணம் அதில் இல்லை.